மலைநாட்டுக் காய்கனிச் சாறும் மையநீக்கியும்

எமது கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்திலே, மேசை விளிம்பில் திருகாணியாற் பொருத்தப்பட்டிருந்த கைச்சுழல் மையநீக்கியை அக்காலத்து மாணவர் மறந்திருக்கமாட்டார். வீழ்படிவு கலங்கி நிற்கும் சோதனைக்குழாயை அதன் கிண்ணத்தில் இட்டுப் பிடியைச் சில தடவை சுழற்றினால், கலங்கல் அடியிற் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். எதிர்ப்புறக் கிண்ணத்திலும் அதே நிறையுள்ள குழாயொன்றை வைக்க மறந்தவர்க்கு ஆசிரியர் அளித்த உபதேசமும் மறக்கற்பாலதன்று. அச்சிறு கருவியின் உடன்பிறப்பு ஒன்றைப் பல ஆண்டுகள் கழித்து மலைநாட்டிலே நாம் சந்திக்க நேர்ந்தது. அதனிடம் பட்டறிந்த பாடத்தையே, கல்லூரி அன்னை விழாக் காணும் இவ்வேளையில், பழைய மாணவர்க்கும் இன்று பயிலும் இளைஞர்க்கும் எடுத்துரைக்க முன்வந்துள்ளோம்.

மலைநாட்டின் மிகைவிளைவு

தேயிலைக்குப் பெயர்பெற்ற நுவரெலியா மாவட்டம் காய்கறிக்கும் பெயர்பெற்றது. பின்னாளில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்று புகழீட்டிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறி, மேனாட்டுக் கால்நடைகளையும் பயிர்களையும் அங்கு கொணர்ந்து பண்ணை அமைத்தார். இன்று கந்தப்பளை, இராகலை, நானு ஓயா முதலிய இடங்களில் மலைச்சரிவெங்கும் தேயிலை பசுமை விரிக்க, பள்ளத்தாக்குகளில் கரட், பீற்றூட், லீக்ஸ், கோவா என்பன வரிவரியாய் விளைகின்றன. தோட்டத் தொழிலாளருட் பலரும் லயத்தையடுத்த சிறு நிலத்திற் காய்கறி பயிரிட்டு, நாட்கூலியாற் குறைவுபடும் குடும்பச் செலவை ஓரளவு ஈடுசெய்கின்றனர்.

ஆயினும் விளைச்சல் மிகும் காலமே இவர்களுக்குத் துன்பம் தரும் காலமாக அமைந்துவிடுவதுண்டு. எல்லாத் தோட்டங்களிலும் ஒருங்கே கரட் முதிருங்கால் தம்புள்ளைச் சந்தையில் விலை வீழும். கிழங்கைத் தோண்டுங் கூலி, கழுவுங் கூலி, சாக்கு, லொறி வாடகை ஆகிய யாவற்றையும் கூட்டிப் பார்த்தால், விற்றுவரும் பணம் அவற்றுக்கே போதாது. அவ்வேளையிற் கிழங்கு நிலத்திலேயே கிடந்து வெடிக்கும். அன்றேல் தெருவோரத்திற் குவிந்து அழுகும். இதனைக் காண்போர் எவர்க்கும் எழும் எண்ணம் ஒன்றே: இதனைச் சாறாக்கிப் போத்தலில் அடைத்தால் என்ன?

தொழில் நிமித்தம் ஹற்றனில் வாழ்ந்த எமக்கும் நண்பர் நால்வர்க்கும் அவ்வெண்ணமே எழுந்தது. ஆலைகளிற் காய்கனிச் சாற்றை மையநீக்கியினால் தெளிவிக்கின்றனர் என்று எங்கோ படித்திருந்தோம். பாற்பண்ணையொன்று கழித்துவிட்ட, பாலினின்று ஆடையைப் பிரிக்கும் பழைய இயந்திரம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதுவும் மையநீக்கியே ஆகலின், குறை யாதும் இல்லையென எண்ணி ஆர்வத்தோடு தொடங்கினோம். அதன் விளைவாக மூன்று தோல்விகள் நேர்ந்தன. முதலாவதாக, கரட் சாற்றை ஊற்றிய சில நிமிடங்களில் இயந்திரத்தின் கிண்ணம் அடைத்துக்கொண்டது. இரண்டாவதாக, சாற்றை மிகச் சிறிது சிறிதாக ஊற்றி ஒருவாறு ஓட்டியபோது, வெளிவந்தது செம்மஞ்சள் நிறச் சாறன்று. வெளிறிய இனிப்பு நீரே. கிண்ணத்தைக் கழற்றினால், அதன் உட்சுவரெங்கும் செம்மஞ்சட் சேறு அப்பியிருந்தது. எமக்கு உதவிக்கு வந்திருந்த தோட்டத்து முதியவர் அதை எட்டிப் பார்த்து, “சாயத்தையெல்லாம் மெசினே குடிச்சிருச்சுங்களே, சார்!” என்றார். மூன்றாவதாக, மனந்தளராது அந்நீரையே போத்தல்களில் அடைத்துக் கொதிநீரில் அரைமணி நேரம் வைத்தெடுத்தோம். பத்து நாட்களுக்குள் மூடிகள் உப்பின. ஒன்று இரவில் வெடித்தது. அதனை எவரும் அருந்தாதது எமது நற்பேறு.

இம்மூன்று தோல்விகளுக்கும் இயந்திரத்தின்மீது குற்றஞ் சாட்டுதல் பொருந்தாது. அது தன் தொழிலைச் செவ்வனே செய்தது. அத்தொழில் யாது, அதன் எல்லை யாது என்பனவற்றை நாமே அறிந்திருக்கவில்லை.

சுழற்சி செய்யும் தொழில்

கலங்கிய கிணற்று நீரைக் குடத்தில் வைத்தால் மண் மெல்ல அடியிற் படியும். இதற்குக் காரணம் மண் துணிக்கையின் அடர்த்தி நீரின் அடர்த்தியிலும் அதிகமாயிருத்தலே. துணிக்கை எவ்வளவு விரைவாக வீழும் என்பதை 1851ஆம் ஆண்டில் ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர் கணித்து வெளியிட்டார். அவர் கண்டவாறு, துணிக்கைக்கும் திரவத்துக்குமுள்ள அடர்த்தி வேறுபாடு கூடினால் வீழ்ச்சி வேகம் கூடும்; திரவத்தின் பிசுக்குமை கூடினால் வேகம் குறையும்; துணிக்கையின் விட்டம் இருமடங்கானால் வேகம் நான்மடங்காகும். எம் முன்னோர் கலங்கல் நீர்க்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டமைக்கும் இதுவே விளக்கமாகும். அக்கொட்டையின் சத்து நுண்ணிய மண் துணிக்கைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெருந்திரளாக்குகின்றது. பெருத்தவை விரைந்து வீழ்கின்றன.

சாற்றிலுள்ள துணிக்கையோ மண்ணைப்போல் நிறையுடையதன்று. மைக்குரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு கூறு. 5 மைக்குரோன் விட்டமும், சாற்றைவிட நூற்றுக்கு 5 பங்கு மட்டும் கூடிய அடர்த்தியும் உடைய ஒரு துணிக்கையைக் கொள்வோம். சாற்றின் பிசுக்குமை நீரினதைப்போல ஒன்றரை மடங்காயின், அது ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றரே வீழும். ஒரு மீற்றர் ஆழமுள்ள தொட்டியின் அடியை அடைய 25 நாட்கள் வரை வேண்டும். அதற்கு வெகு முன்னரே சாறு புளித்து நுரைத்துவிடும்.

புவியீர்ப்பு போதாதவிடத்து அதனைப் பெருக்கிக்கொள்ளும் உபாயமே மையநீக்கி. கவணிலே கல்லை வைத்துச் சுழற்றுவோன் கையில் உணரும் இழுவையை நாம் அறிவோம். சுழற்சி விரைவு இருமடங்கானால் அவ்விழுவை நான்மடங்காகும். 12 சதமமீற்றர் ஆரையுள்ள கிண்ணமொன்று நிமிடத்திற்கு 6000 தடவை சுழன்றால், அதன் விளிம்பில் உள்ள பொருள் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 4800 மடங்கு விசைக்கு உட்படும். முன்னர்க் கூறிய துணிக்கை அங்கே ஒரு செக்கனில் 2 மில்லிமீற்றருக்கு மேல் நகரும். 25 நாட் பயணம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகின்றது.

அதனை மேலும் சுருக்கிய வரலாறு சுவையானது. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் குஸ்ராவ் டி லாவால் 1878இல் பாலினின்று ஆடையைத் தொடர்ந்து பிரிக்கும் மையநீக்கியை அமைத்தார். பத்தாண்டுகளின் பின் ஜேர்மனியரான பெக்ரொல்ஷைம் என்பார், கிண்ணத்தினுள்ளே கூம்பு வடிவத் தட்டுக்களை ஒன்றன்மேல் ஒன்றாய் நெருக்கமாக அடுக்கும் முறையைக் கண்டார். தட்டுக்களுக்கிடையே அரை மில்லிமீற்றர் அளவிலான இடைவெளியே உண்டு. ஆகவே துணிக்கை அரை மில்லிமீற்றர் நகர்ந்து மேற்றட்டைத் தொட்டாற் போதும். அதன்பின் தட்டின் சரிவு வழியே வழுக்கிச் சென்று விளிம்பை அடையும். இதற்கு ஒரு செக்கனிற் காற்பங்கு போதும். இன்று பால் ஆலைகளில் ஆடை பிரிப்பதும், பெரிய ஆலைகளில் அப்பிள், தோடம்பழச் சாறுகளைத் தெளிவிப்பதும் இத்தட்டடுக்கு மையநீக்கியின் வழிவந்த இயந்திரங்களே.

இங்கு மாணவர் ஊன்றிக் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. மையநீக்கி அடர்த்தி வேறுபாட்டை மட்டுமே அறியும். நீரிற் கரைந்த சீனி, அமிலம், உப்பு ஆகியவற்றை அதனாற் பிரிக்க இயலாது. கரையாது மிதப்பன யாவற்றையும், நல்லது தீயது என்று பாராது, ஒருங்கே ஒதுக்கிவிடும். எமது தோல்விகள் மூன்றும் இவ்வுண்மையை மறந்தமையால் நேர்ந்தவையே.

முதற் பாடம்: சாற்றுக்கேற்ற இயந்திரம்

பாலிலே திண்மத் துணிக்கையாகப் படிவது மிகச் சிறிதளவே. ஆகவே ஆடை பிரிக்கும் இயந்திரத்தின் கிண்ணச் சுவர் துளையற்றதாயும் அழுக்குச் சேரும் இடம் சிறிதாயும் அமைக்கப்பட்டிருக்கின்றன. அரைத்த கரட்டின் சாறோ தும்பும் சக்கையும் நிறைந்தது. அதனை அக்கிண்ணத்தில் ஊற்றுவது, தேயிலை வடியினால் மணலை அரிக்க முயல்வது போன்றதாம்.

தொழிற்சாலைகளில் இத்தேவைகளுக்கு வெவ்வேறு இயந்திரங்கள் உண்டு. முதலாவது, துளையிட்ட கூடையைச் சுழற்றுவது. சீனி ஆலைகளிற் பளிங்கினின்று பாகை வெளியேற்றுவதும், இல்லங்களிற் சலவை இயந்திரம் துணியைப் பிழிவதும் இம்முறையே. கடைகளிற் காணப்படும் பழச்சாறு பிழியும் சிறு கருவியும் இவ்வினத்ததே: அடியிலுள்ள பற்றகடு காயைச் சீவ, சுழலும் சல்லடைக் கூடை சாற்றை வெளியே வீசுகின்றது. 1950களில் ஹவாய்த் தீவில், கொடித்தோடம்பழத்தைச் சீவிச் சரிந்த சுவருள்ள துளைக்கூடையில் இட்டுச் சுழற்றிச் சாறெடுக்கும் இயந்திரம் அமைக்கப்பட்டது. சாறு துளைவழி வெளியேற, தோலும் வித்தும் கூடைச்சுவரின் மேலேறி விளிம்பைத் தாண்டி வீழ்ந்தன.

இரண்டாவது, படுக்கையாக அமைந்த நீண்ட உருளையும் அதனுள்ளே திருகுசுரையும் கொண்டது. உருளையின் வேகத்திலிருந்து சற்றே வேறுபட்ட வேகத்திற் சுரை சுழல்வதால், சுவரில் ஒதுங்கும் சக்கையை அது ஓயாது தள்ளிக்கொண்டுபோய்க் குறுகிய முனையில் வெளியேற்றும். சாறு மறுமுனையில் வடியும். சக்கை மிகுந்த சாற்றுக்கு ஏற்றது இதுவே. மூன்றாவது, முன்னர் விவரித்த தட்டடுக்கு இயந்திரம். அதிலும் சாறு ஆலைகளுக்கென அமைந்தவற்றின் கிண்ணம், குறித்த வேளைக்கொரு முறை இமைப்பொழுது விளிம்பிலே திறந்து, சேர்ந்த சேற்றை வெளியே வீசிவிட்டு மீண்டும் மூடிக்கொள்ளும். ஆகவே, பருஞ்சக்கையை முதலிரண்டு முறைகளுள் ஒன்றாலோ அழுத்திப் பிழியும் பொறியாலோ அகற்றிய பின்னரே, நுண்ணிய கலங்கலுக்குத் தட்டடுக்கு மையநீக்கியை நாடுதல் முறையாகும். நாம் கடைசிப் படியில் நிற்கவேண்டிய இயந்திரத்தை முதற்படியில் நிறுத்தினோம்.

இரண்டாம் பாடம்: தெளிவு எப்போதும் சிறப்பன்று

முதியவர் கூறிய ‘சாயத்தை இயந்திரம் குடித்த’ செய்தியே எமக்கு மிகுந்த வியப்பளித்தது. அதே இயந்திரத்தில் பீற்றூட் சாற்றை இட்டபோது, அது மாணிக்கச் சிவப்பாய் நிறங்குன்றாது வெளிவந்தது. ஒரே பாத்தியில் அருகருகே விளைந்த இரு கிழங்குகள் ஒரே இயந்திரத்தில் இவ்வாறு மாறுபட்டமைக்குக் காரணம் யாது?

பீற்றூட்டின் செந்நிறப் பொருள் நீரிற் கரைவது. அது கலத்தின் உட்சாற்றிற் கரைந்தே இருக்கின்றது. கலங்கல் முழுவதையும் அகற்றினாலும் நிறம் நீரோடு வந்துவிடும். கரட்டின் நிறத்துக்குக் காரணமான கரற்றீன் நீரிற் கரையாதது. நெய்யிலும் எண்ணெயிலுமே கரையும். கரட்டின் கலங்களில் அது நுண்ணிய பளிங்குகளாய் அமைந்திருக்கின்றது. சாறு பிழியும்போது கலத்துண்டங்களோடு ஒட்டி மிதந்து வருகின்றது. எனவே கரட் சாற்றின் கலங்கலே அதன் நிறம். அதுவே அதன் சிறந்த சத்துமாகும். ஏனெனில் எமது உடல் விற்றமின் ‘ஏ’யை ஆக்கிக்கொள்வது அக்கரற்றீனிலிருந்தே. கண்ணொளிக்கும் நோயெதிர்ப்புக்கும் இன்றியமையாத அச்சத்தைக் கிண்ணச் சுவரில் அப்பவிட்டு, வெறும் இனிப்பு நீரைப் போத்தலில் அடைக்க முனைந்தோம் என்பதை உணர்ந்தபோது வெட்கினோம்.

இதனை இளம் மாணவர் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கரட்டையும் பீற்றூட்டையும் தனித்தனியே துருவி, சிறிது நீர் சேர்த்துத் துணியிற் பிழிந்து, இரு கண்ணாடிக் குவளைகளிற் குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வைக்க. காலையிற் பீற்றூட் நீர் மேலிருந்து கீழ்வரை சிவந்தே நிற்கும். கரட் நீரில் நிறம் அடிநோக்கி இறங்க, மேற்பகுதி வெளிறத் தொடங்கியிருக்கும். ஓரிரவில் குவளை தொடங்கும் பிரிப்பையே மையநீக்கி நொடியில் முடித்துவிடுகின்றது.

ஆகவே எச்சாற்றுக்கு எவ்வளவு சுழற்சி என்பது அச்சாற்றின் இயல்பைப் பொறுத்தது. கண்ணாடிபோல் தெளிந்த அப்பிட் சாற்றை விரும்பும் நாடுகளில், பெத்தின் என்னும் பொருளை முதலில் நொதியத்தினாற் சிதைக்கின்றனர். பழப்பாகை உறையச்செய்யும் அப்பொருளே சாற்றிற் கலங்கலைத் தாங்கி நிற்பது. அது சிதைந்தபின் துணிக்கைகள் திரண்டு எளிதிற் பிரியும். தேற்றாங்கொட்டை செய்யும் உதவியை ஒத்தது இது. கொடித்தோடம்பழச் சாற்றிலோ மாப்பொருள் உண்டு. சூடாக்குங்கால் அது கஞ்சியாகிக் குழாய்களில் ஒட்டும். மாப்பொருள் மணிகள் சாற்றைவிட மிகவும் அடர்த்தி கூடியவை ஆகலின், மிதமான சுழற்சியிலேயே அவற்றை நீக்கிவிடலாம். தோடம்பழச் சாற்றிற் பருஞ்சதையை ஓரளவு குறைத்து, இயல்பான கலங்கலை விட்டுவைப்பர். கரட் சாற்றில் நாவை உறுத்தும் பருந்துணிக்கையை மட்டும் நீக்கி, நுண்கலங்கலைப் போற்றிக் காத்தல் வேண்டும். அதற்கு வேகத்தைக் குறைத்தோ, சாறு பாயும் அளவைக் கூட்டியோ இயந்திரத்தைச் செப்பஞ் செய்வர். நாம் அடைப்புக்கு அஞ்சிச் சாற்றை மெல்ல மெல்ல ஊற்றியமையால், நுண்துணிக்கையும் தப்பாது படிய நேரங் கொடுத்துவிட்டோம்!

சாறு பிரிந்தபின் எஞ்சும் சக்கையிலும் கரற்றீனின் கணிசமான பங்கு தங்கிவிடுகின்றது. அதனைக் குப்பையென எறிதல் தவறு. தேங்காய்த் துருவலோடு சம்பலாகவோ ரொட்டி மாவோடு பிசைந்தோ உண்ணலாம். எஞ்சியது பசுவுக்குத் தீனியாகும். கரற்றீன் கொழுப்போடு சேர்ந்தே உடலிற் செவ்வனே உறிஞ்சப்படுவதாதலின், தேங்காயோடு சேர்த்து உண்ணும் எம்மவர் வழக்கம் விஞ்ஞானத்துக்கும் ஒத்ததே.

தேயிலையிடம் கற்கத்தக்கது

மலைநாட்டார்க்கு இத்துறையில் ஓர் அனுகூலம் உண்டு. தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில், வாடிய கொழுந்தை உருட்டு இயந்திரம் கசக்கிப் பிழிவதை அவர்கள் நாளும் காண்கின்றனர். அங்கு கலங்கள் உடைந்து சாறு வெளிப்பட, நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் கூடிப் பச்சையிலையைச் செம்பழுப்பாக்குகின்றன. அறுத்த பேரிப்பழம் சிறிது நேரத்திற் பழுப்பதும் அவ்வினத்து நொதியத்தின் செயலே. தேயிலையில் அம்மாற்றமே நிறமும் மணமும் தருவது. பேரிச்சாற்றில் அதுவே கேடு. சுழலும் கூடை சாற்றை நுண்துளியாக்கிக் காற்றோடு கலந்து நுரைக்கச் செய்வதால், ஒட்சியேற்றம் விரைகின்றது. விற்றமின் ‘சி’யும் குறைகின்றது. ஆலைகளிற் காற்றுப் புகாதவாறு மூடிய இயந்திரங்களைக் கையாள்கின்றனர். வீட்டுக் கருவியிற் பிழிந்தோர் தேசிப்புளி சில துளி சேர்த்து, உடனே அருந்திவிடுதல் நன்று.

மூன்றாம் பாடம்: தெளிந்த சாறு தூய சாறன்று

எல்லாவற்றிலும் முக்கியமானதை இறுதியிற் கூறுகின்றோம். மையநீக்கி சாற்றைப் பாதுகாக்கும் கருவியன்று. அது நுண்ணுயிர்களின் தொகையை ஓரளவு குறைக்கலாம், முற்றாக அகற்றாது. கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றும் சாற்றிலும் கேடு மறைந்திருக்கும்.

அமிலத்தன்மையை அளக்கும் பீ. எச். பெறுமானம் இங்கு எல்லைக்கல்லாகும். அது 4.6இற்குக் கீழ்ப்பட்ட புளிப்புச் சாறுகளைக் கொதிநிலைக்குக் கீழான சூட்டினாலேயே காக்க இயலும். தேசி, தோடை, கொடித்தோடை முதலியன அத்தகையன. கரட், பீற்றூட் சாறுகளின் பெறுமானம் 6ஐ அடுத்தது. காற்றற்ற போத்தலில் இத்தகைய சாறு இருக்குமாயின், மண்ணிலிருந்து வந்த பொற்றுலினம் என்னும் பற்றீரியாவின் வித்திகள் முளைத்துக் கொடிய நஞ்சைச் சுரக்கக்கூடும். அவ்வித்திகள் சாதாரண கொதிநீருக்கு அழியா. அழுத்தத்தின்கீழ் 121 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினாலே அழியும். 2006ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும், ஆலையிற் செய்து விற்ற கரட் சாற்றை அருந்திய சிலர் இந்நஞ்சினால் வாத நோயுற்றனர். அச்சாறு முறைப்படி இளஞ்சூடேற்றப்பட்டதே. போதிய குளிரில் வைக்கப்படாமையே கேட்டுக்குக் காரணமாகக் கருதப்பட்டது. வளர்ந்த நாட்டுப் பேராலைக்கே இது நேருமாயின், எமது பழைய இயந்திரமும் கொதிநீர்க் கிடாரமும் எம்மாத்திரம்!

மலைநாட்டிலே இன்னுமோர் இடர் உண்டு. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். அதனால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரமான ஹற்றனில் நீர் சுமார் 96 பாகையிலும், 1868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலுமே கொதித்துவிடும். ‘நன்றாகக் கொதிக்கவைத்தோம்’ என நாம் இறுமாந்த நீர், 100 பாகையைத் தொட்டதேயில்லை. விடுதியில் எம்மோடு பௌதிகம் பயின்ற நண்பரொருவர் இதனைக் கேட்டு, “பரீட்சைக்குப் படித்ததைப் பரீட்சையோடு விட்டுவிட்டீர்” என நகைத்தார். அந்நகைப்புக்கு நாம் உரியவரே.

புளிப்புச் சாற்றுக்கு அவ்வுயரம் தடையாகாது. 90 பாகையளவு சூடே அதற்குப் போதும். ஆதலின் கரட்டைச் சாறாக்க விழைவோர் அதனைப் புளிப்புச் சாறாக்கியே பேணுதல் பாதுகாப்பானது. அதற்கு வேறொரு நுட்பமும் உண்டு. பச்சைக் கரட் சாற்றைச் சூடாக்கினால் அது திரிந்து செதில் செதிலாய்ப் பிரியும். பிழியுமுன்னரே கரட்டை மென்னமில நீரிற் சிறிது வேகவைத்தால், இக்கேடு பெரிதும் தவிர்கின்றது, நிறமும் நிலைக்கின்றது. அதன்பின் அரைத்துப் பிழிந்து, பருந்துணிக்கை நீக்கி, தேசிப்புளியோ பழச்சாறோ கூட்டி, பீ. எச். 4.6இற்கு நன்கு கீழிறங்கியதை மானியால் அளந்து உறுதிசெய்து, சூடேற்றி அடைத்தல் வேண்டும். நாவினாற் புளிப்பைச் சுவைத்து அளத்தல் போதாது. விற்பனைக்கெனச் செய்வோர் உணவு விஞ்ஞானம் அறிந்தாரின் சோதனையும் பெறாது ஒரு போத்தலையேனும் வெளிவிடலாகாது.

இயந்திரம் வாங்குமுன்

மிகைவிளைவாற் கலங்கும் எளிய மக்களிடம், “ஓர் இயந்திரம் வாங்குங்கள், எல்லாம் சீராகும்” என்று கூறுதல் எளிது. கடன்பட்டு வாங்கிய இயந்திரம் மூலையிற் கிடந்து துருப்பிடிக்கும்போது, கூறியவர் அங்கிருப்பதில்லை. எமது இழப்பை ஐவர் பகிர்ந்துகொண்டோம், தாங்கக்கூடியதாயிருந்தது. நாட்கூலியில் வாழும் குடும்பங்கள் சில கூடித் தம் சேமிப்பையெல்லாம் இட்டு இவ்வாறு இழந்திருப்பின் அவர் கதி என்னாகும் என எண்ணிப் பல இரவு வருந்தினோம்.

ஆகவே சிறு சங்கமாகக் கூடித் தொடங்குவோர்க்கு எமது பணிவான ஆலோசனை இது. முதலில் நல்ல நீர், கழுவும் தொட்டி, வேகவைக்கும் பாத்திரம் என்பன வேண்டும். அடுத்து, துணியிலிட்டு அழுத்திப் பிழியும் திருகுபொறியும், வெப்பமானியும், பீ. எச். மானியும், குளிரறையும் வேண்டும். கலங்கிய கரட் சாற்றுக்கு இவையே போதும். நாடோறும் பல நூறு லீற்றர் சாறு ஓயாது பாயும் நிலையும், அதனை வாங்கும் சந்தையும், இயந்திரத்தைக் கழற்றித் துலக்கிப் பூட்ட வல்ல கையும் அமைந்தபின்னரே மையநீக்கியை நினைக்கலாம். மிகுவிரைவிற் சுழலும் கிண்ணம் சிறிது நிறைகுலைந்தாலும் பெருவிபத்து நேரும். ஆய்வுகூடத்தில் எதிர்க்குழாயை வைக்க மறந்தவர்க்கு ஆசிரியர் தந்த உபதேசம் இங்கு உயிர்காக்கும் மந்திரமாகும்.

அப்பழைய இயந்திரம் இப்போதும் எம்மிடம் உண்டு. அதன் கிண்ணத்தைத் துலக்கி, தட்டுக்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, எம்மிடம் வரும் மாணவர்க்குக் காட்டி விளக்குவது எமது வழக்கம். கல்லூரி ஆய்வுகூடத்தினர் விரும்பின் அதனை மகிழ்வுடன் கையளிப்போம். கைச்சுழல் மையநீக்கியின் அருகே இதனையும் வைத்து, கரட் சாற்றையும் பீற்றூட் சாற்றையும் ஊற்றிக் காட்டினால், அடர்த்தியும் கரைதிறனும் பற்றி ஒரு தவணையிற் கற்பதை ஒரு மணித்தியாலத்திற் கண்டறியலாம். இன்று பயிலும் மாணவருள், மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வருவோரும் இருப்பர். அவர்களுள் ஒருவரேனும் இக்கல்வியில் மேம்பட்டு, தம் பெற்றோர் விளைவித்த கிழங்கு தெருவோரத்தில் அழுகாதவாறு முறையறிந்து ஒரு சிறு ஆலையை நிறுவுவாராயின், எமது தோல்விகளும் பயனுடையனவாகும். அத்தகைய மக்களை ஈன்று கல்லூரி அன்னை பல்லாண்டு பொலிக.